சொல் இல்லாமல் ஆட்டம் நகரக்கூடாது: சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பொருட்களின் ஆங்கிலம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டு ஹோலில், சனிக்கிழமைகளில், ஐந்து முதல் எட்டு வயது வரையான தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறீர்கள். வீட்டுப் பொருட்களின் படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டினால் எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்கிறார்கள். அடுத்த கிழமை பாதி மறந்துபோகிறது. மறக்காததையும் ஒரு வசனத்தில் வைத்துச் சொல்ல வருவதில்லை. அதனால் என்ன விளையாட்டு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் கொழும்பில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளோடு பல வருடங்களாக இதே வேலையைச் செய்கிறேன். விளையாட்டின் பெயரைவிட, அந்த விளையாட்டில் சொல்லுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். படத்தை நோக்கி ஓடிப்போய்த் தொடுவதும் விளையாட்டுதான், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான். ஆனால் ஒரு பிள்ளை வாயைத் திறக்காமல், காதும் கொடுக்காமல், முன்னால் ஓடுகிறவனைப் பார்த்து ஓடியே வென்றுவிடலாம் என்றால் அங்கே ஆங்கிலத்துக்கு வேலை இல்லை. சொல் தெரியாவிட்டால் ஆட்டம் நகராது என்கிற இடத்தில்தான் சொல் மனதில் ஏறுகிறது. அட்டையைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது மூன்று பிள்ளைகள் சொல்ல, மற்றவர்கள் அந்தச் சத்தத்தோடு வாயசைக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் மறப்பதற்குப் பெரிய காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

விளையாட்டுக்கு முன்னால் சொற்களைத் தேர்வது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். "இன்றைக்குக் குசினி" என்று எடுத்துக்கொண்டு ஸ்பூன், ஃபோர்க், நைஃப், பிளேட், போல், கப், பொட், பேன் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுப்பதுதான் வழக்கம். பாடப்புத்தகங்களும் படத்தாள்களும் அப்படித்தான் அடுக்கியிருக்கின்றன. ஆனால் ஒரே இனத்தைச் சேர்ந்த புதுச் சொற்களை ஒன்றாகப் படிப்பது கஷ்டத்தைக் கூட்டுகிறது என்று தோமஸ் டிங்க்கம் 1993இல் ஓர் ஆய்வில் காட்டினார். ரொப் வேரிங் 1997இல் ஜப்பானிய மாணவர்களை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோதும் அதேதான் வந்தது. பொருள் நெருக்கமாக இருப்பதால் ஒரு சொல் மற்றதின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஃபோர்க்கைக் காட்டினால் ஸ்பூன் என்று சொல்லும் பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே 1997இல் டிங்க்கம் இன்னொன்றையும் காட்டினார்: ஒரே இனச் சொற்களாக இல்லாமல் ஒரே காட்சியில் சேர்ந்து வரும் சொற்கள் என்றால் படிப்பது இலகுவாகிறது. ஆய்வுக்காகச் செய்த சொற்பட்டியலும் வகுப்பு விளையாட்டும் ஒன்றல்ல, உண்மைதான். ஆனாலும் நான் பிள்ளைகளிடம் பார்ப்பதோடு இது அப்படியே பொருந்துகிறது.

ஆகவே அறைகளின்படி எடுக்காமல் காட்சிகளின்படி எடுங்கள். கை கழுவுவது ஒரு காட்சி: டப் (தண்ணீர்க் குழாய்), சோப், டவல், வெட், வொஷ். படுக்கப் போவது இன்னொன்று: பிலோ, ஷீட், லைட், ஸ்விச், ஸ்லீப். தேநீர் ஊற்றுவது, வீடு கூட்டுவது, பள்ளிக்குப் புறப்படும்போது திறப்பைத் தேடுவது என்று எத்தனையோ இருக்கின்றன. ஒரு காட்சிக்குள் ஒரு வினைச்சொல்லாவது வந்துவிடுவதால் வசனமும் தானாகவே பிறக்கிறது. ஐந்து ஆறு வயதுக்கு ஒரு நாளில் ஐந்து புதுச் சொல் போதும். ஸ்பூனை இந்தக் கிழமை கொடுத்தால் ஃபோர்க்கை அடுத்த மாதம் கொடுங்கள். முதல் சொல் நன்றாக ஊறிய பிறகு அதன் பக்கத்துச் சொல் வந்தால் குழப்பம் இல்லை.

இணையத்தில் இறக்கி அச்சடிக்கும் படத்தாள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகைபோக்கி, குளிர்காயும் அடுப்பு, நிலக்கீழ் அறை, குளியல் தொட்டி, தரைவிரிப்பு என்று அவற்றில் இருக்கும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கும் எங்கள் பிள்ளைக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. அவர்கள் வீட்டில் இருப்பது கேஸ் சிலிண்டர், நுளம்பு வலை, பாய், தேங்காய் துருவலை, இடியப்பத் தட்டு, குத்துவிளக்கு, பல்கனியில் துணி காயும் கொடி. "மொஸ்கீட்டோ நெட்", "மேட்", "கோகனட் ஸ்க்ரேப்பர்", "ஒயில் லேம்ப்" என்று இவற்றுக்கும் நல்ல ஆங்கிலம் இருக்கிறது. தன் வீட்டை ஆங்கிலத்தில் சொல்ல முடியும் என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும். வேறு யாரோ ஒருவருடைய வீட்டைச் சொல்லத்தான் ஆங்கிலம் என்ற எண்ணம் அந்த வயதில் விழக்கூடாது. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

ஃபேன், ஃபிரிட்ஜ், பல்ப், குக்கர் போன்றவை தமிழ் பேசும்போதே பிள்ளைகளின் வாயில் இருக்கின்றன. அவற்றைப் புதுச் சொல்லாகக் கணக்கில் எடுக்காதீர்கள். வசனம் பழக்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த சொல்லோடு புது வசனம், தெரிந்த வசனத்தோடு புதுச் சொல். இரண்டையும் ஒன்றாகப் புதிதாகக் கொடுத்தால் சின்னப் பிள்ளை திணறும்.

சரி, விளையாட்டுக்கு வருவோம்.

முதலில் காதுக்கு. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது: ஆசிரியர் கட்டளை சொல்வார், தானும் செய்து காட்டுவார், பிள்ளை உடம்பால் பதில் சொல்லும், பேசவேண்டிய கட்டாயம் இல்லை. "டச் த டோர்." "பிரிங் த டவல்." "புட் த சோப் இன் த பக்கெட்." தாய்மொழியைக்கூடப் பிள்ளை நீண்ட நாள் கேட்டுத்தான் பிறகு பேசுகிறது. வந்து சேர்ந்த முதல் சில கிழமைகளில் வாயே திறக்காத பிள்ளைக்கு இதுதான் இடம். பேசச் சொல்லி நெருக்காதீர்கள். கட்டளையைக் கேட்டுச் சரியான பொருளை எடுத்து வருகிறதென்றால் அந்தப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது. இதையே "சைமன் சேய்ஸ்" (அந்த இரண்டு சொல்லோடு தொடங்கும் கட்டளையை மட்டும் செய்யும் விளையாட்டு) மாதிரி விளையாடும்போது ஒன்றை மாற்றிவிடுங்கள். பிழை விட்டவரை வெளியே உட்கார வைப்பதுதான் வழக்கம். முதலில் வெளியேறுவது யார்? சொல் தெரியாத பிள்ளை. அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளையை ஐந்தாவது நிமிடத்திலேயே சுவரோரம் உட்கார வைத்துவிட்டு, ஏற்கெனவே தெரிந்த இரண்டு பேர் கடைசிவரை விளையாடுவதில் என்ன நியாயம்? யாரையும் வெளியேற்றவேண்டாம். பிழை விட்டால் ஆசிரியருக்கு ஒரு புள்ளி, எல்லோரும் சரியாகச் செய்தால் பிள்ளைகளுக்கு ஒரு புள்ளி. அப்போது எல்லோரும் ஒரே பக்கம் நிற்பார்கள், பெரியவன் சின்னவளுக்குக் காதில் சொல்லிக் கொடுப்பான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒளித்துவைக்கும் விளையாட்டு. ஆட்களை அல்ல, பொருளை. ஒரு பிள்ளையைப் பல்கனிக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்கள் ஒரு திறப்பை எங்காவது ஒளித்துவைக்கிறார்கள். பிள்ளை உள்ளே வந்து, நின்ற இடத்திலிருந்து கேட்கவேண்டும்: "இஸ் இட் அண்டர் த செயார்?" "இஸ் இட் பிஹைண்ட் த கர்ட்டன்?" நடந்து தேடக்கூடாது என்பதுதான் இதில் உயிரான விதி. நடக்க விட்டால் கண்ணும் கையும் தேடிவிடும், வாய் சும்மா இருக்கும். நின்ற இடத்திலேயே நின்றால் சொல்லைத் தவிர வேறு கருவி இல்லை. மற்றவர்கள் "நோ, இட் இஸின்ட்" என்று சேர்ந்து சொல்வார்கள். கண்டுபிடித்ததும் எல்லோரும் முழு வசனமாகச் சொல்லவேண்டும்: "த கீ இஸ் இன்சைட் த ஷூ!"

இந்த விளையாட்டை இவ்வளவு தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் "கட்டிலுக்குக் கீழே" என்கிறோம், பொருள் முதலில், இடம் பிறகு. ஆங்கிலத்தில் அது தலைகீழ். ஆகவே எங்கள் பிள்ளைகள் "பெட் அண்டர்" என்று சொல்வது மிக இயல்பு. விதியைச் சொல்லி விளக்கினால் ஆறு வயதுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் ஒரு பிற்பகலில் "அண்டர் த பெட்" என்று இருபது முறை தேவைக்காகக் கேட்டுவிட்டால் அது ஒரே துண்டாக நாக்கில் தங்கிவிடும். "பெட்" என்று தனியாகக் கொடுக்காமல் "த பெட்", "அண்டர் த பெட்", "ஒன் த பெட்" என்று துண்டாகவே கொடுங்கள். ஸ்பூனும் அப்படித்தான், முதல் நாளிலிருந்தே "எ ஸ்பூன்", இரண்டு இருந்தால் "டூ ஸ்பூன்ஸ்". பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இப்படி ஒன்று கட்டாயமாக வருவது எங்கள் மொழிக்குப் பழக்கமில்லாதது. பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் அது பெரிய வகுப்பு வரை ஒட்டாமலே போய்விடுகிறது. நீங்கள் சொன்ன "வசனத்தில் வைத்துச் சொல்ல வருவதில்லை" என்ற பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது: சொற்களைத் தனித்தனியாகக் கொடுத்தோம், பிள்ளை தனித்தனியாகத் திருப்பித் தருகிறது.

பிள்ளை "கீ இஸ் பெட் அண்டர்" என்று கேட்டால் ஆட்டத்தை நிறுத்தித் திருத்தாதீர்கள். "ஓ, அண்டர் த பெட்? நோ, இட் இஸின்ட்" என்று பதிலுக்குள்ளேயே சரியானதை வைத்துவிடுங்கள். காது எடுத்துக்கொள்ளும். எட்டு வயதுப் பிள்ளை என்றால் ஆட்டம் முடிந்த பிறகு இரண்டு நிமிடம் பலகையில் எழுதிக் காட்டலாம்.

தட்டு விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். சீப்பு, சவர்க்காரம், டோர்ச், ஸ்பூன், துவாய் என்று பொருட்களை ஒரு தட்டில் வைத்து, துணியால் மூடி, ஒன்றை எடுத்துவிட்டு "வட்ஸ் மிஸ்ஸிங்?" என்று கேட்பது. நல்லதுதான், ஆனால் முதலில் கத்துகிற பிள்ளையே எப்போதும் பதில் சொல்லும். பதிலை இரண்டு பேராகக் காதுக்குள் பேசி முடிவெடுத்து, பிறகு சோடி சோடியாகச் சொல்ல வையுங்கள். துணிப் பைக்குள் கையை விட்டுத் தடவி "இஸ் இட் எ கோம்ப்?" என்று ஊகிப்பதும் இதே குடும்பம். பொருட்கள் உண்மையானவையாக இருக்கட்டும். கைக்குக் கனமும் சொரசொரப்பும் தெரியும்போது சொல் இன்னும் நன்றாக ஒட்டுகிறது.

டோர்ச் என்றதும் ஞாபகம் வருகிறது. 2022இல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட அந்த மாதங்களில் என்னிடம் படித்த பிள்ளைகள் வீட்டில் விளையாடியது இது: இருட்டில் ஒருவர் டோர்ச்சைச் சுவரில் அடித்து, மெல்ல நகர்த்தி, ஒரு பொருளின் ஒரு ஓரத்தை மட்டும் காட்டுவார், மற்றவர்கள் என்ன பொருள் என்று சொல்லவேண்டும். இப்போது மின்சாரம் இருந்தாலும் லைட்டை அணைத்துவிட்டுக் கேட்டு வாங்கி விளையாடுகிறார்கள்.

ஏழு எட்டு வயதுக்காரருக்கு மறைப்பு விளையாட்டு. இரண்டு பேர் எதிரெதிரே, நடுவில் ஒரு பெரிய புத்தகம் நிமிர்த்தி வைத்திருக்கும். இருவரிடமும் ஒரே வெறும் அறையின் படம். ஒருவர் தன் படத்தில் சில பொருட்களை வரைந்து, மற்றவருக்குச் சொல்லவேண்டும்: "புட் த லேம்ப் நெக்ஸ்ட் டு த பெட்." கடைசியில் புத்தகத்தை எடுத்து இரண்டு படமும் ஒன்றா என்று பார்க்கிறார்கள். ஒருவரிடம் உள்ள தகவல் மற்றவரிடம் இல்லை என்பதால் இங்கே பேசியே ஆகவேண்டும். நீங்கள் வகுப்பைச் சுற்றி நடந்து கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பத்துப் பிள்ளைகள் என்றால் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஆசிரியர் கேள்வி கேட்டு ஒவ்வொருவராகப் பதில் சொல்லும் முறையில் இது ஒருநாளும் நடக்காது. சத்தம் இருக்கும்தான். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

வீட்டுப் பொருட்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது பலருக்குப் பழக்கம். இரண்டு நாளில் அது சுவரின் ஒரு பகுதியாகிவிடும், யாரும் வாசிக்கமாட்டார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பிள்ளை தூங்கிய பிறகு அம்மா இரண்டு சீட்டுகளை இடம் மாற்றி ஒட்டவேண்டும், ஃபிரிட்ஜில் செயார், கதிரையில் விண்டோ. காலையில் பிள்ளை கண்டுபிடித்துத் திருத்தவேண்டும். வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு இது மிகவும் உற்சாகமான வேலை, பெற்றோருக்கும் ஒரு நிமிடம்தான் செலவு. உங்கள் வகுப்புப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் சோறு கறி சமைத்து விளையாடுவது. சிரட்டையும் மண்ணும் இப்போது தொடர்மாடியில் இல்லை, புறக்கோட்டையில் வாங்கிய பிளாஸ்டிக் பானை சட்டி இருக்கும். பிள்ளைகள் தாங்களே விளையாடும் இந்த விளையாட்டுக்குள் மூன்று வசனங்களை மட்டும் விடுங்கள்: "கேன் ஐ ஹேவ் த பொட், ப்ளீஸ்?" "ஹியர் யூ ஆர்." "இட்ஸ் ஹொட்!" மற்றதெல்லாம் தமிழில் நடக்கட்டும். நீங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியாக நடித்து ஒரு கப் தேநீர் கேட்டுப் போங்கள். முழுவதையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னால் அது விளையாட்டாக இருக்காது, நாடக ஒத்திகையாகிவிடும்.

உச்சரிப்பில் இரண்டு விஷயத்தை மட்டும் கவனித்தால் இந்த வயதுக்குப் போதும். ஒன்று, "இஸ்பூன்", "இஸ்டூல்". சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் அடுக்கி வரும்போது முன்னால் ஓர் இகரம் சேர்ப்பது எங்கள் நாக்கின் பழக்கம். "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று பாம்பு மாதிரி நீட்டிவிட்டுப் பிறகு "பூன்" என்று சேர்க்கச் சொல்லுங்கள், யார் நீளமாக நீட்டுகிறார்கள் என்று போட்டி வைத்தால் சில நாளில் சரியாகும். மற்றது, தமிழ் எழுத்தில் ப என்று ஒரே எழுத்தாய் வருவது ஆங்கிலத்தில் இரண்டு மூன்று ஒலியாகப் பிரியும். சமைக்கும் பேன் ஒரு படம், சுழலும் ஃபேன் ஒரு படம். நீங்கள் சொல்வதற்கு ஏற்ற படத்தில் பிள்ளை கை வைக்கவேண்டும். பிறகு பிள்ளை சொல்லட்டும், நீங்கள் கை வையுங்கள். இதே காரணத்துக்காகப் பிள்ளையின் கொப்பியில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பதைத் தவிருங்கள், பெற்றோர் கேட்டாலும்கூட. கார்ட்டூன் பார்த்துவிட்டு டோர்ச்சை "ஃபிளாஷ்லைட்" என்றும் டப்பை "ஃபோசெட்" என்றும் சொன்னால் பிழை போடாதீர்கள். அது அமெரிக்கச் சொல், எங்கள் பள்ளிப் புத்தகத்தில் டோர்ச், டப் என்று வரும் என்று சொல்லி இரண்டையும் வைத்துக்கொள்ள விடுங்கள்.

மறதிக்கு மருந்து இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்பதுதான். படித்த உடனேதான் மறதி வேகமாக நடக்கிறது என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885லேயே தன்னையே வைத்துப் பரிசோதித்து எழுதினார். சனிக்கிழமை படித்ததை அடுத்த சனிதான் மறுபடி தொடுகிறீர்கள் என்றால் பாதி போவது பிள்ளையின் குற்றமல்ல. ஞாயிறு ஒரு முறை, செவ்வாய் அல்லது புதன் ஒரு முறை, வீட்டில் இரண்டு நிமிடம் போதும். இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த ஆள் அம்மம்மா. ஞாயிற்றுக்கிழமை அம்மம்மாவுக்கு அந்த ஐந்து சொல்லையும் படிப்பித்துவிட்டு வரவேண்டும் என்று வேலை கொடுங்கள். அம்மம்மா புதன்கிழமை, "அது என்ன ராசா, மறந்துபோச்சு, திரும்பச் சொல்லித் தா" என்று கேட்டால் போதும், பிள்ளை பெரிய மனிதத்தனத்தோடு சொல்லிக் கொடுக்கும். ஆங்கிலம் தெரியாத வீடு என்று தயங்கும் பெற்றோருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். இந்த வேலைக்கு அவர்களுக்கு ஆங்கிலம் தெரியத் தேவையில்லை. வீட்டில் தமிழை நிறுத்திவிடவும் தேவையில்லை. தமிழில் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைதான் ஆங்கிலத்திலும் வேகமாக வசனம் கட்டுகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பள்ளியோடு இது மோதாது. இலங்கையில் 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு, தரம் 1, 2 பிள்ளைகளுக்குச் செயற்பாடுகள் வழியாக வாய்மொழி ஆங்கிலம் என்றும், தரம் 3இலிருந்து ஆங்கிலம் தனிப் பாடம் என்றும்தான் அமைந்தது. வாயும் காதும் முதலில், எழுத்துப் பிறகு என்பதுதான் அதன் வரிசையும்.

உங்கள் தொடர்மாடியில் சிங்களம் பேசும் பிள்ளைகள் இருந்தால் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டணத்துக்காகச் சொல்லவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இருக்கும்போது "திறப்பு எங்கே?" என்று கேட்டால் காரியம் முடிந்துவிடுகிறது, ஆங்கிலம் ஆசிரியருக்காகப் பேசுவதாகிறது. சிங்களப் பிள்ளை ஒளித்துவைத்த திறப்பை ஆங்கிலத்தில் கேட்டால்தான் கிடைக்கும். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று எழுதிவைத்தது. அந்த இணைப்பு ஆறு வயதில், ஒரு ஹோலில், ஒரு திறப்பைத் தேடும்போது நிஜமாகவே நடப்பதைப் பார்க்க எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கும்.

ஃபோன் செயலிகளைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் பெற்றோர் கேட்பார்கள். படத்தைத் தட்டினால் சத்தம் வரும் வகை காதுக்குக் கொஞ்சம் உதவும், வாய்க்கு உதவாது. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

வாங்கி வைத்த அட்டைகளை வீசிவிடவேண்டாம். அவற்றைத் தூக்கிக் காட்டுவதை மட்டும் நிறுத்துங்கள். சோடி சேர்க்கும் விளையாட்டுக்கு ஒவ்வொரு படமும் இரண்டு தேவை, ஆகவே இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைகளைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, தன் கையில் உள்ளதை மற்றவருக்குக் காட்டாமல், "ஹேவ் யூ கொட் எ பக்கெட்?" என்று கேட்டுக் கேட்டுச் சோடி சேர்க்கச் சொல்லுங்கள். இருந்தால் கொடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் "நோ, ஐ ஹேவின்ட்". அடுத்த சனிக்கிழமை இதிலிருந்தே தொடங்கலாம், புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை.